எதிர்த்துப் பேசாதவர்

காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் கலாதேவி முதலில் பார்ப்பது நோயாளிகளை அல்ல, தாதிகளைத்தான். யார் வந்திருக்கிறார்கள், யார் உடம்பு சரியில்லை என்று எம்சி விடுப்புப் போட்டுவிட்டு வீட்டில் படுத்துவிட்டார்கள், யார் முகம் அழுது வீங்கியிருக்கிறது, யார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரே பார்வையில் எடுத்துக்கொள்வாள். அதற்குப் பிறகுதான் கட்டில்களைப் பிரித்துக் கொடுப்பாள். இளசுகளுக்கு எளிதான நோயாளிகள், கை பழகியவர்களுக்குச் சிக்கலானவர்கள், யாருக்கும் பிடிக்காத நோயாளியை ஒவ்வொரு நாளும் ஒருத்தியிடம். முணுமுணுப்பு இருக்கும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஈப்போவுக்கு வெளியே இருந்த அந்த மருத்துவமனையில் ஆண்கள் வார்டின் பொறுப்புத் தாதி அவள். ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் மற்றவர்களுடைய கைவேலை. எந்தக் கட்டில் காலி, எதைக் காலி செய்யலாம், எந்த டாக்டரை எப்போது கூப்பிடுவது, கத்திக்கொண்டு வரும் சொந்தக்காரர்களுக்கு முன்னால் யார் போய் நிற்பது என்பதெல்லாம் அவள் தலையில். டாக்டர்கள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். வார்டில் ஏதாவது தப்பு நடந்தால், அந்த நேரத்தில் பொறுப்பில் இருந்தது யார் என்றுதான் முதல் கேள்வி வரும்.

அந்த வார்டில் கவுண்டருக்கு நேர் எதிரே நான்கு கட்டில்கள். அந்த நான்குக்கு மட்டும்தான் தலைமாட்டில் மானிட்டர் உண்டு. இதயம் தடம் மாறினால் அது கத்தும். கவுண்டரில் இருப்பவள் நிமிர்ந்தாலே நோயாளியின் முகம் தெரியும். பின்னால் இருந்த அறைகளில் அப்படி இல்லை. தாதி சுற்றி வரும்போது பார்த்தால்தான் உண்டு. அதனால் முன்கட்டிலுக்கு வந்தவர்கள் அங்கிருந்து நகர மனமில்லாமல் இருப்பார்கள். நகரச் சொன்னால் குடும்பமே திரண்டு வரும்.

அவளுடைய அண்ணன் சதாசிவம் நெஞ்சுவலி என்று வந்தபோது இருதயப் பிரிவில் இடமில்லை. அவளுடைய வார்டில் முன்கட்டில் ஒன்று காலியாக இருந்தது. சொந்த அண்ணனைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ள அவளுக்கு விருப்பமில்லை. தாதிகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனிடம் போய், இந்த வாரம் தன்னை வேறு வார்டுக்குப் போடச் சொல்லிக் கேட்டாள். மேட்ரன் கையை விரித்தார். மூன்று வார்டுகளுக்கு ஆளில்லை, நீயும் போய்விட்டால் அந்த வார்டை யார் எடுத்து நடத்துவது என்றார். அது பொய்யும் இல்லை.

சதாசிவத்துக்கு அறுபத்தொரு வயது. இளவட்டத்தில் ரப்பர் மரம் சீவியவர். தோட்டம் கைமாறி, மரங்களைச் சாய்த்து, பாதி செம்பனையாகவும் பாதி வீட்டுமனையாகவும் ஆனபோது, லகாட் பக்கம் கட்டிய மலிவுவிலை அடுக்குமாடியில் வீடு கிடைத்து வந்தவர். அதன்பிறகு பேரங்காடி ஒன்றில் காவலாளி. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வளர்த்தது அவர்தான். கலாதேவி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்குவது தாதியர் விடுதியில் என்றாலும், வீடு என்று அவள் சொன்னால் அது அண்ணன் வீடுதான். அண்ணி காளியம்மா, அவர்களுடைய மகன் கோகிலன், இவ்வளவுதான் அவளுக்கு உறவு.

படுத்திருந்த நாள்களில் சதாசிவம் வார்டுக்கே பிடித்துப்போனார். ஊசி போட வந்த தாதிகளிடம், மெதுவா குத்து மிஸ்ஸி, ஓடிப்போக மாட்டேன் என்பார். தங்கை அந்தப் பக்கம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். நான் உன் அண்ணன்னு யாருக்கும் தெரிய வேணாம்லா, அப்புறம் எனக்கு மட்டும் தனிக் கவனிப்புன்னு பேசுவாங்க என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வார்டு முழுக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு தாதிகள் எம்சி. டெங்கிக் காய்ச்சல் பரவியிருந்த சமயம். பின்னறைகள் இரண்டையும் குமுதா என்ற தாதி ஒருத்தியிடமே கொடுக்க வேண்டியதாயிற்று. குமுதா வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சூட்டிகையான பெண், ஆனால் அவ்வளவு பேரை ஒரு ஆள் பார்க்க முடியாது. கலாதேவிக்கு அது தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள். வேறு வழி இல்லை என்று சொன்னாள், உண்மையிலேயே இல்லை.

முற்பகலில் அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. டெங்கியில் இரத்த அழுத்தம் விழுந்துவிட்ட ஒரு பையன். தீவிரச் சிகிச்சைப் பிரிவு நிரம்பி வழிகிறது, மானிட்டர் உள்ள கட்டில் ஒன்று உடனே வேண்டும் என்றார்கள். கலாதேவி போனைக் கையில் வைத்தபடியே நான்கு முன்கட்டில்களையும் பார்த்தாள்.

முதல் கட்டிலில் இருந்தவருக்குச் சுவாசக் குழாய். நான்காம் கட்டிலில் இருந்தவருக்கு முந்தின நாள் இரவுதான் இரத்த வாந்தி. இருவரையும் தொடவே முடியாது. மீதி இரண்டு பேர். இரண்டாம் கட்டிலில் சதாசிவம். மூன்றாம் கட்டிலில் தனேஸ்வரன்.

தனேஸ்வரன் கல்வி இலாகாவில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரலில் சளி கட்டி வந்தவர், நன்றாகத் தேறியிருந்தார். காலை ரவுண்டில் டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு, இவருக்கு இனி மானிட்டர் தேவையில்லை, நாளை வீட்டுக்கு அனுப்பலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சதாசிவத்தைப் பற்றி, இவரும் பரவாயில்லை, ஆனால் இன்னும் ஒரு நாள் மானிட்டரில் இருந்தால் நல்லது என்றார். பரவாயில்லை என்பதும் நல்லது என்பதும் டாக்டர்கள் தினம் சொல்கிற வார்த்தைகள்தான்.

ஆனால் தனேஸ்வரனுடைய மகன் கோலாலம்பூரில் வழக்கறிஞர். வந்த முதல் நாளே, அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கத் தாமதம் என்று மேலிடத்துக்குப் புகார் போட்டவன். கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளியதற்கு ஒரு புகார். ஒரு தாதியின் முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் பிடித்ததில், அவள் கழிவறையில் போய் அழுதாள். பெரியவரும் லேசுப்பட்டவர் அல்ல. எதைச் சொன்னாலும், என் மகனிடம் பேசிக்கொள் என்பார்.

டாக்டர் அவசரப் பிரிவில் அந்தப் பையனோடு இருந்தார். போனில் கூப்பிட்டு, யாரை நகர்த்தலாம் என்று கேட்டாள். இரண்டு பேரில் ஒருவர், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர், சீக்கிரம் என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

கலாதேவி மூன்றாம் கட்டில் பக்கம்தான் முதலில் நடந்தாள். தனேஸ்வரன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவள் வருவதைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே அவளுக்கு வரப்போவதெல்லாம் தெரிந்துவிட்டது. மகனுக்குப் போன் போகும், அவன் மேட்ரனைக் கூப்பிடுவான், மேட்ரன் இவளைக் கூப்பிடுவார், அந்தப் பையன் அதுவரை கீழே தள்ளுவண்டியில் கிடப்பான். அவள் அவருடைய சலைன் பையைச் சரிபார்ப்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, ஒரு சின்னப் பையன் வாரான். ரொம்ப முடியல. இந்தக் கட்டில் வேணும்."

சதாசிவம் எழுந்து உட்கார்ந்தார். "பின்னாடியா? போலாம் வா. இந்தப் பெட்டி கத்துற சத்தத்துல தூக்கமே இல்ல எனக்கு."

அவரே நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைக் கழற்றப் போனார். அவள் கையைத் தட்டிவிட்டுத் தானே கழற்றினாள். பணியாளர் மாயாண்டி அவரைத் தள்ளுவண்டிக்கு மாற்றித் தள்ளிப்போனார். மாயாண்டியும் அதே அடுக்குமாடிக்காரர். சதாசிவத்தை அண்ணே என்று கூப்பிடுபவர். நடைபாதையில் எதிரே தள்ளுவண்டியில் அந்தப் பையன் வந்துகொண்டிருந்தான், பக்கத்தில் அவனுடைய அம்மா. முஸ்அப் என்று பெயர், இருபத்து நான்கு வயது. நகரில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களின் மகன். அம்மா குல்ஜார் பேகம் ஒரு கையால் மகனுடைய காலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் அவனுடைய செருப்பை வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். நடைபாதை குறுகல் என்பதால் இரண்டு வண்டிகளும் ஒரு கணம் நின்றன. சதாசிவம் அந்த அம்மாவைப் பார்த்து, பயப்படாதீங்கம்மா, நல்ல கட்டில், எனக்கு அதுலதான் சரியாச்சு என்று சொன்னார்.

அதன்பிறகு கலாதேவிக்கு மூச்சுவிட நேரமில்லை. முஸ்அபின் கை நரம்பு கிடைக்கவில்லை. சலைன் இரண்டு பக்கமும் ஓடியது. டாக்டர் வந்து, போய், மறுபடி வந்தார். இரத்த வங்கிக்குப் போன், ஆய்வகத்துக்குப் போன். நடுவில் வீட்டுக்குப் போக வேண்டிய நோயாளி ஒருவருக்கு மருந்து வரவில்லை என்று அவருடைய மருமகள் கவுண்டரைத் தட்டினாள். கலாதேவி ஒரு தடவை பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சதாசிவம் பக்கத்துக் கட்டில் சீனக் கிழவரோடு கையைக் காலை ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே போகவில்லை.

மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கப் போன மாயாண்டிதான் பார்த்தார். தட்டு மூடியபடி இருந்தது. அண்ணே தூங்குகிறார் என்று நினைத்து, சோறு ஆறிடும், எழுந்திரிங்க என்று தோளைத் தொட்டிருக்கிறார். குமுதா அப்போது அடுத்த அறையில் வாந்தி எடுத்த ஒருவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாயாண்டியின் குரல் கேட்டு ஓடிவந்து, கட்டில்மேல் ஏறி நெஞ்சை அழுத்தத் தொடங்கினாள்.

இப்படி நடக்கும்போது பொறுப்புத் தாதி நோயாளியைத் தொடுவதில்லை. கட்டிலின் கால்மாட்டில் நிற்க வேண்டும். யார் அழுத்துவது, யார் மூச்சுப் பை பிடிப்பது, யார் மருந்து எடுப்பது, யார் நேரத்தை எழுதுவது என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அழுத்துகிறவள் களைத்தால் ஆள் மாற்ற வேண்டும். கலாதேவி கால்மாட்டில் நின்றாள். டாக்டர் அவளைப் பார்த்து, சிஸ்டர், நீங்கள் வெளியே போங்கள் என்றார். அவள் திரும்பி நடைபாதையைப் பார்த்தாள். வார்டில் அவளைத் தவிர மூத்தவர்கள் யாரும் இல்லை. அவள் போகவில்லை.

நடுவில் முன்பக்கம் மானிட்டர் கத்தியது. முஸ்அபுடையது. இங்கே நின்றவர்களில் ஒருத்தியை அங்கே அனுப்ப வேண்டும். யாரை அனுப்புவது என்று அவள் யோசித்தது ஒரு நொடிதான். கை நன்றாகப் பழகியவளையே அனுப்பினாள். அனுப்பிவிட்டு, குமுதாவை மறுபடி அழுத்தச் சொன்னாள். அண்ணனுடைய பாதங்கள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு அழுத்தலுக்கும் அவை அசைந்தன. அவள் அவற்றையும் தொடவில்லை.

டாக்டர் நிறுத்தச் சொன்னபோது, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டியவளும் அவள்தான். சொன்னாள்.

குமுதா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். கலாதேவி அவளை எழுப்பி, முகத்தைக் கழுவிவிட்டு மற்ற நோயாளிகளைப் பார்க்கப் போகச் சொன்னாள். திரையை இழுத்துவிட்டாள். தண்ணீரும் துண்டும் கொண்டுவரச் சொல்லி, அண்ணனைத் தானே துடைத்தாள். வேறு யாரையும் விடவில்லை. கன்னத்தில் இரண்டு நாள் தாடி இருந்தது. மழித்துவிடலாமா என்று நினைத்தாள். கோகிலன் வந்து பார்க்கும்போது அப்பா எப்போதும்போல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணிக்குச் சொல்ல வேண்டும். காளியம்மா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்தாள். சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்கு வருவாள். போனில் சாவைச் சொல்லக் கூடாது என்பது வார்டு வழக்கம். கேட்கிறவர் எங்கே நிற்கிறாரோ, சாலையிலோ, அடுப்பு முன்னாலோ. அதனால், கொஞ்சம் சீரியஸ், உடனே வாங்க என்றுதான் சொல்வார்கள். அந்தக் கதையெல்லாம் கலாதேவி அண்ணன் வீட்டில் உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

"அண்ணி, அண்ணனுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. உடனே வாங்க. தனியா வராதீங்க, யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வாங்க."

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"கலா, நீ மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்றியா?"

அந்தப் பக்கம் வேறு யாரோ போனை வாங்கி, வரோம் என்று சொல்லி வைத்தார்கள்.

வார்டுக்குள் வந்ததும் காளியம்மாவின் கண் நேராக இரண்டாம் கட்டிலுக்குத்தான் போனது. அதில் வேறு யாரோ ஒரு பையன் படுத்திருந்தான். ஒரு கணம் அவள் முகத்தில் வந்த குழப்பத்தைக் கலாதேவி பார்த்தாள். மாயாண்டி வந்து அக்கா, இப்படி என்று கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். கட்டில் ஏன் மாறியது என்று கேட்கிற நிலையில் அப்போது அவள் இல்லை. கோகிலன் பாரிட் புந்தாரில் ஒரு பட்டறையில் வேலை செய்தான். அவன் வந்து சேர இருட்டிவிட்டது. மறுநாள் எரித்தார்கள். எல்லோரும் கலாதேவியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். கண்ணெதிரிலேயே போய்விட்டாரே, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொன்னார்கள்.

அந்த வாரத்திலேயே மருத்துவமனையில் விசாரணை வைத்தார்கள். எல்லா எதிர்பாராத சாவுக்கும் வைப்பதுதான். முதலில் குமுதாவைத்தான் கேட்டார்கள். கடைசியாக எப்போது பார்த்தாய், இடைவெளி ஏன் அவ்வளவு நீளம் என்று. கலாதேவி குறுக்கே புகுந்து, அவ்வளவு நோயாளிகளை அவளிடம் கொடுத்தது நான், கட்டிலை மாற்றியதும் நான், கேள்வியை என்னிடம் கேளுங்கள் என்றாள். கேட்டார்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த ஒருவருக்காக, தேறிவந்த ஒருவரை நகர்த்தியிருக்கிறார், டாக்டருக்குத் தெரிவித்திருக்கிறார், தவறு எதுவும் இல்லை என்று முடிவாயிற்று. சொந்த அண்ணன் என்றும் பாராமல் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். மேட்ரன் மேசைக்கு அடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினார்.

மூன்றாம் கட்டிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. தனேஸ்வரன் அதற்குள் நலமாக வீட்டுக்குப் போயிருந்தார்.

கருமகாரியத்துக்கு முந்தின நாள் மாலையில் கலாதேவி அண்ணன் வீட்டில் இருந்தாள். மறுநாள் சமையலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டு பெண்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது படியேறி குல்ஜார் பேகம் வந்தார். பின்னால் முஸ்அப், இன்னும் வெளிறிய முகத்தோடு, ஒரு கூடைப் பழத்தைத் தூக்கிக்கொண்டு. வீட்டை மாயாண்டியிடம் விசாரித்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மா சதாசிவத்தின் படத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டார். காளியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, தரையிலேயே உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் எடம் விட்டுக் குடுத்ததுனாலதான் என் மகன் இருக்கான்மா. அன்னைக்கு நடைபாதையில எனக்குத் தைரியம் சொல்லிட்டுப் போனாரு. அவரு கட்டில்லதான் இவன் பொழச்சான். எங்க வீட்டுத் தொழுகையில அவரு பேரைச் சொல்லாத நாளில்ல."

காளியம்மா எதுவும் புரியாமல் பார்த்தாள். பிறகு முஸ்அபைப் பார்த்தாள். அந்தக் கட்டிலில் படுத்திருந்த முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து போய் இரண்டு பேருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தாள். பையனிடம், உடம்ப பாத்துக்கய்யா என்று சொன்னாள். அவர்கள் படியிறங்கிப் போகும்வரை வாசலில் நின்றாள். திரும்பி வந்து, கலாதேவியைச் சமையலறைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கலாதேவி நடந்ததைச் சொன்னாள். பையனுடைய நிலைமை, டாக்டர் சொன்னது, முன்கட்டில்கள் நான்கில் இரண்டைத் தொட முடியாது என்பது. காளியம்மா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு, ஒன்று விடாமல் கேட்டாள். அவள் குரல் உயரவில்லை.

"நாலுல ரெண்டு முடியாதுன்னு சொன்ன. இவர விட்டா இன்னும் ஒருத்தர் இருக்காரே. அவரு யாரு?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவருக்கும் முடியாமல் இருந்தது என்று ஒரு வார்த்தை போதும். வார்டு விஷயம் அண்ணிக்கு என்ன தெரியும். கலாதேவிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இந்தப் பதினைந்து நாளும் தூங்காமல் கிடந்தது அந்த ஒரு கேள்விக்காகத்தான் என்று அப்போதுதான் அவளுக்குப் பட்டது.

"இருந்தாரு அண்ணி. அண்ணன விட நல்லா இருந்தாரு. அவரத்தான் மாத்தியிருக்கணும்."

"அப்புறம் ஏன்?"

"அவங்க சண்டைக்கு வருவாங்க. அண்ணே வரமாட்டாரு."

காளியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பேசியபோது, கலாதேவியிடம் பேசுவதுபோல் இல்லை.

"தோட்டத்துல காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நிப்போம். வேலை வாங்குற தண்டல் யாருக்கு எந்த மர நிரைன்னு பிரிச்சுக் குடுப்பாரு. மேட்டு நிரை, அட்டை கடிக்கிற பள்ளம், காட்டோரம் இருக்கிற தூரத்து நிரை எல்லாம் ஒங்க அண்ணனுக்குத்தான். ஏன்யா எதுத்துக் கேக்க மாட்டியான்னு நான் சண்ட போடுவேன். யாராச்சும் போகத்தானே வேணும்னு கிளம்பிடுவாரு. அந்தத் தண்டலு கெட்ட மனுஷன் இல்ல. கேக்காதவனுக்குத்தான் குடுக்க சுலபம்."

கலாதேவி அழவில்லை. அழுதால் அண்ணி சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று தோன்றியது. அதை அவளிடமிருந்து வாங்கக் கூடாது.

"கோகிலனுக்குச் சொல்லாத," என்றாள் காளியம்மா. "அவன் கோவக்காரன். ஒன்ன ஏதாச்சும் செஞ்சிடுவான். நாளைக்குக் காரியத்துக்கு வந்து நில்லு, நாலு பேரு கேப்பாங்க. அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு எனக்கு ஒன் மொகத்த பாக்க முடியாது கலா."

மறுநாள் அவள் வந்தாள். ஓரமாக நின்றாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது காளியம்மா மற்றவர்களுக்குப் பரிமாறியதுபோலவே அவளுக்கும் பரிமாறினாள். இலையைப் பார்த்தாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

கலாதேவி மேட்ரனிடம் போய், பொறுப்பிலிருந்து தன்னை எடுத்துவிடும்படி கேட்டாள். ஊசி போடும் சாதாரணத் தாதியாகவே இருந்துவிடுகிறேன் என்றாள். துக்கத்தில் பேசுகிறாய் என்று நினைத்த மேட்ரன் இரண்டு வாரம் விடுப்புக் கொடுத்தார். அதை அவள் எடுக்கவில்லை. விடுதி அறையில் சும்மா இருப்பது அதைவிடக் கொடுமை. குமுதா வேலையை விட்டுவிட்டு தாப்பாவில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும் முன், உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல சிஸ்டர் என்று சொன்னாள். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை.

ஒரு நாள் மறுபடியும் அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. முன்கட்டில் வேண்டும். நன்றாகத் தேறி நகர்த்தக்கூடிய நிலையில் இருந்தவர், கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு குத்தகைக்காரர். அவருடைய மனைவியும் மச்சானும் எப்போதும் கட்டிலைச் சுற்றியே நிற்பார்கள். பின்னறைக்குப் போகக்கூடியவர் வேறு யாருமில்லை என்று சொல்ல முடியாது. ஒரு வயோதிகர் இருந்தார், குத்தகைக்காரர் அளவுக்குத் தேறாதவர், யாரும் பார்க்க வராதவர். கலாதேவி குத்தகைக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். மனைவி கத்தினாள். மச்சான் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். நீ என்ன சாதியைப் பார்த்து மாற்றுகிறாயா, காசு வாங்கினாயா என்று கேட்டான். வார்டே வேடிக்கை பார்த்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் களைக்கும்வரை நின்றாள். பிறகு மாயாண்டியைப் பார்த்துத் தலையசைத்தாள். கட்டில் நகர்ந்தது. அந்தப் புகார் மேலிடத்துக்குப் போய், அவளுக்குக் கண்டிப்பும் வந்தது. மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதாக.

அதனால் அவள் மனம் ஆறியது என்று சொல்ல முடியாது. சரியாகச் செய்த அன்றுதான், அது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தது. அரை மணி நேரம் திட்டு வாங்கியிருந்தால் போதும். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

காளியம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு மாத்திரை மாதாமாதம் வாங்க வேண்டும். சிற்றுண்டிச் சாலை வேலையில் கிளினிக்குக்குப் போய்க் காத்திருக்க முடியாது. கலாதேவி வாங்கிவைத்து, பள்ளிக்கூடம் இல்லாத நாளில் லகாட் அடுக்குமாடிக்குப் போகிறாள். மேலே ஏறுவதில்லை. கீழே நின்று கோகிலனுக்குப் போன் செய்கிறாள். அவன் பாரிட் புந்தார் வேலையை விட்டுவிட்டு அம்மாவோடு வந்து இருக்கிறான். அவனுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இறங்கி வந்து, பையை வாங்கிக்கொண்டு, கண்ணைப் பார்க்காமல் நிற்பான்.

"அம்மா தூங்குறாங்க அத்தை."

"சரிப்பா. காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறக்காம குடு."

அவன் படியேறிப் போவான். மேலே மூன்றாம் மாடியில் சமையலறை ஜன்னல் திறந்திருக்கும். மீன் பொரிக்கிற வாசனை வரும். கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். கலாதேவி சற்று நேரம் நிற்பாள். பிறகு காரை எடுத்துக்கொண்டு மதிய வேலைக்குப் போவாள், அங்கே யார் வந்திருக்கிறார்கள், யார் வரவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கும்.